ராத்திரியில் கரண்ட் போனால் முதியோர் இல்லத்தில் முதலில் எதைப் பார்ப்பது?

தண்டையார்பேட்டை அக்கா:
தண்டையார்பேட்டையில் நானும் என் தங்கையும் பதிவு பெற்ற முதியோர் இல்லம் ஒன்றை நடத்துகிறோம். 16 பேர் இருக்கிறார்கள், இரண்டு பேர் படுத்த படுக்கை, ஒரு தாத்தாவுக்கு ராத்திரி முழுக்க ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்) ஓட வேண்டும். போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்குத் தெருவில் கேபிள் போய், மறுநாள் மதியம்தான் கரண்ட் வந்தது. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம், ஃபேன்களோடு கான்சென்ட்ரேட்டரையும் போட்டதும் அது கத்திவிட்டு அணைந்துபோனது. ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது, அதைத் திறக்கிற சாவியைக் காணோம். செல்போன் வெளிச்சத்தில் கட்டிலுக்கடியில் எல்லாம் தேடி, கடைசியில் அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடைத்தது. விடியும்போது மேல் தொட்டியில் தண்ணீரும் தீர்ந்துவிட்டது. ஜெனரேட்டர் வாங்கலாமா, வாடகைக்குச் சொல்லி வைக்கலாமா?

ராயபுரம் மச்சி:
வாங்கிப் போடுங்கள் அக்கா, ஒரே செலவு, நிம்மதி.

பழைய வயர்மேன்:
மச்சி, எங்கே போடுவதாம்? நம் பக்கம் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன, எல்லோரும் மாடிப்படிக்கு அடியில்தான் வைப்பார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். திறந்த இடம் இருந்தால் மட்டும் வையுங்கள், தெரு லைனைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைக்கவே கூடாது, இல்லாவிட்டால் வெளியே கம்பத்தில் வேலை பார்க்கிறவருக்கு ஷாக் அடிக்கும்.

அக்கா, உங்கள் கணக்கைப் பாருங்கள். பழைய ஃபேன் ஒன்று 75 வாட், எட்டு ஓடினால் 600. கான்சென்ட்ரேட்டர் 350 வாட் பக்கம். வீட்டு இன்வெர்ட்டர் 900 விஏ என்றால் எழுநூறு வாட் இழுப்பதே பெரிது, அணையாமல் என்ன செய்யும்? கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேனுக்கு மாறினால் ஒன்றுக்கு 30 வாட்தான். கான்சென்ட்ரேட்டருக்குத் தனி இன்வெர்ட்டர் போட்டால் 150 ஏஎச் பேட்டரியில் மூன்று மணி நேரமாவது ஓடும், அதற்குள் சிலிண்டருக்கு மாறிக்கொள்ளலாம். இன்னொன்று, பல நேரம் போவது ஒரு பேஸ் மட்டும்தான், அதாவது கரண்ட் வரும் மூன்று லைன்களில் ஒன்று. திரீபேஸ் இணைப்பு என்றால் வேறு பேஸுக்கு மாற்றும் செலக்டரைத் திருப்பினாலே விளக்கு வரும், ஆனால் திரீபேஸ் மோட்டாரை மட்டும் அப்போது போடாதீர்கள், காயில் எரிந்துவிடும். மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-ல் சொல்லி, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

வீட்டு நர்ஸ்:
சாவியை ஒரு நாடாவில் சிலிண்டர் கழுத்திலேயே கட்டிவிடுங்கள், முதல் வேலை அதுதான். 1500 லிட்டர் பி டைப் சிலிண்டர் நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் என்றால் பன்னிரண்டு மணி நேரம் வரும், அதுவும் முழுசாக இருந்தால். வாரம் ஒரு முறை கேஜைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்குப் போடும் காற்று மெத்தை கரண்ட் போனதும் மெல்ல இறங்கும், மேலே பார்த்தால் தெரியாது, கையை அடியில் விட்டுப் பாருங்கள், இடுப்பெலும்பு பலகையில் முட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வையுங்கள். அப்புறம் இன்சுலின். ஃபிரிட்ஜைச் சும்மா சும்மா திறக்காதீர்கள், பயந்துபோய் ஐஸ் மேலேயும் வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான்.

வியாசர்பாடி மகன்:
என் அப்பா வேறொரு இல்லத்தில் இருக்கிறார். அங்கேயும் இப்படி ஆனது, மறுநாள் சாயங்காலம்தான் எனக்குச் சொன்னார்கள், பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தார்களாம். பதினைந்து நிமிஷ தூரத்தில் இருக்கிறேன், ராத்திரியே சொல்லியிருந்தால் ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டி வந்திருப்பேன், நாலு கேன் தண்ணீராவது கொண்டுபோயிருப்பேன். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, ஒரு வாட்ஸ்அப் போட்டுவிடுங்கள் அக்கா.

தண்டையார்பேட்டை அக்கா:
தம்பி, உண்மைதான், நாங்களும் காலையில்தான் சொன்னோம். சாவியைக் கட்டியாச்சு. ஜெனரேட்டர் வாங்கவில்லை, எங்களுக்கும் மாடிப்படிக்கு அடிதான் இருக்கிறது. வயர்மேன் அண்ணே, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று போட்டு ஒரு திருகு இருக்கிறது, இத்தனை வருஷமாக எதற்கென்று தெரியாமலே துடைத்து வைத்திருக்கிறோம். நீங்கள் சொன்ன செலக்டர் அதுதானா?

பழைய வயர்மேன்:
அதேதான்.