ஐவர் வாழும் வீட்டில் என் மடிக்கணினியை எப்படிக் காப்பது?

லயத்துப்பெண்:
பாடாங் செராயில் நாங்கள் ஐந்து பெண்கள் ஒரு தரை வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். மற்ற நால்வரும் கூலிம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள். நான் பகலில் ஒரு கிளினிக்கில் பணிபுரிந்துகொண்டு இரவில் இணையவழியாக டிப்ளோமா படிக்கிறேன். என் அறையில் இருக்கும் அக்கா நல்லவர்தான். தோட்டத்து வீட்டுக்குப் போய்வரும்போதெல்லாம் எனக்கும் சேர்த்து முருங்கைக்கீரை கொண்டுவருவார். ஆனால் போன வாரம் வேலை முடிந்து வந்து கணினியைத் தொட்டபோது அடிப்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது, விசைகளுக்கிடையே முறுக்குத் துகளும் கிடந்தது. கேட்டதற்கு, "படம்தான்மா பார்த்தேன்" என்றார். பிறந்த தேதியையே கடவுச்சொல்லாக வைத்தது என் தவறு. வாட்ஸ்அப் அதில் திறந்தே கிடக்கிறது. அறைக்குப் பூட்டில்லை, மனக்கசப்பும் வேண்டாம். என்ன செய்யலாம்?

பழுது பார்ப்பவன்:
தங்கை, கடவுச்சொல்லை இன்றே மாற்றிவிடுங்கள். எழுந்து போகும்போதெல்லாம் விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். வாட்ஸ்அப்பைக் கைப்பேசியின் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியிலிருந்தே வெளியேற்றலாம்.

ஆனால் கடவுச்சொல் மட்டும் போதும் என்று நினைப்பவர்களே அதிகம். கடவுச்சொல்லை மறந்துவிட்டுக் கடைக்கு வருபவர்களின் கணினியிலிருந்து கோப்புகள் இருக்கும் வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தால், அது குறியாக்கம் (மற்றவர் படிக்க முடியாதபடி தரவை மாற்றுவது) செய்யப்படாதிருக்கும்வரை, எந்தக் கேள்வியும் கேட்காமல் படங்களும் ஆவணங்களும் வரிசையாக வந்து நிற்கும். களவுபோன கணினியிலும் இதேதான் நடக்கும். விண்டோஸ் ப்ரோ பதிப்பு என்றால் அதிலுள்ள பிட்லாக்கர் என்ற குறியாக்க வசதியை இயக்குங்கள். ஹோம் பதிப்பாக இருந்தாலும் பல கணினிகளில் 'சாதனக் குறியாக்கம்' இருக்கும், அமைப்புகளில் தேடிப் பாருங்கள். அப்போது உருவாகும் மீட்பு விசை எனும் 48 இலக்க எண்ணைத் தாளில் எழுதிக் கணினிப் பைக்கு வெளியே வைத்திருங்கள். அது தொலைந்துபோய், கணினியும் அதைக் கேட்டு நின்றுவிட்டால் என்னாலும் ஒன்றும் செய்ய இயலாது.

தைப்பிங் அக்கா:
தர மாட்டேன் என்று சொல்வதைவிட, அவருக்கென்று தனியாக ஒரு சாதாரணப் பயனர் கணக்கைத் திறந்து கொடுத்துவிடுவது நல்லது. நிர்வாகி உரிமை மட்டும் கொடுக்காதீர்கள். அவர் அங்கே படம் பார்க்கலாம்; உங்கள் கோப்புகளும், உலாவியில் நீங்கள் சேமித்து வைத்த கடவுச்சொற்களும் உங்கள் கணக்கிலேயே இருக்கும். என் மாணவர் விடுதிக் காலத்தில் இந்த யோசனை தெரியாமல் ஒரு தோழியுடன் மூன்று மாதம் பேசாமல் இருந்தேன்.

சட்டம் படித்தவன்:
அனுமதியின்றி மற்றவர் கணினிக்குள் நுழைவது மலேசியாவின் 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டப்படி குற்றமாகும். 3ஆவது பிரிவின்படி 50,000 ரிங்கிட் வரை அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

தைப்பிங் அக்கா:
முருங்கைக்கீரை கொண்டுவருபவரிடம் போய்ப் பிரிவு எண்ணைச் சொல்லச் சொல்கிறீர்களா, தம்பி?

லயத்துப்பெண்:
அக்காவின் பெயரிலேயே கணக்கு திறந்துவிட்டேன். ரோஜாப் படம் ஒன்றை அவரே தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டார். மீட்பு விசை எழுதிய தாள் அம்மாவின் அலமாரிக்குப் போய்விட்டது. குறியாக்கம் மட்டும் இன்னும் நடந்துகொண்டிருப்பதாகவே காட்டுகிறது. அணைத்துவிட்டு வேலைக்குப் போகலாமா?

பழுது பார்ப்பவன்:
போகலாம். மறுபடி திறந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.