1972 சி10, எல்எம்7: சூடானதும் ஃப்யூயல் பிரஷர் இறங்குகிறது

வண்டி 1972 செவ்ரலே சி10 டிரக், ஷார்ட் பெட் (பின்தொட்டி குட்டையான வகை). பழைய 350 இன்ஜினை இறக்கிவிட்டு 2004 சில்வராடோ டிரக்கின் 5.3 லிட்டர் எல்எம்7 இன்ஜின் ஏற்றியது. இடம் டெக்சாஸ், டாலஸ் பக்கம். மூன்று வாரமாக இதே தொல்லை.

காலையில் ஒரு குறையும் இல்லை. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ஃப்யூயல் ரெயிலில் 58 பிஎஸ்ஐ, முள் அசையாது. வெயில் 38 டிகிரியைத் தாண்டிய நாளில் நாற்பது நிமிடம் ஓட்டி சிக்னலில் நின்றால் பம்ப் இரையத் தொடங்கும், பிரஷர் 42-க்கு வந்துவிடும், மிதித்தால் இன்ஜின் திக்கும். பி0171, பி0174 (கலவையில் பெட்ரோல் குறைவு) என்ற இரண்டு எரர் கோடும் விழுகின்றன. அரை மணி நேரம் ஆறவிட்டால் பழையபடி ஓடும். டேங்க் நிறைய இருந்தால் கொஞ்சம் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான்.

டேங்க் சீட்டுக்குப் பின்னால் உள்ள ஒரிஜினல். பம்ப் மணிக்கு 255 லிட்டர் தள்ளும் இன்லைன் வகை, டேங்குக்கு வெளியே ஃப்ரேமில். ஃபில்டரோடு பிரஷர் ரெகுலேட்டர் சேர்ந்த சி5 கார்வெட் வகை. மிஞ்சும் பெட்ரோல் ரிட்டர்ன் லைனில் டேங்குக்கே போகிறது.

ஃபில்டர் புதிது. கோளாறு வரும்போதே பம்ப் முனையில் அளந்தேன், 13.4 வோல்ட், வயரிங்கைக் குறை சொல்ல முடியாது. டேங்க் மூடியைத் திறந்து ஓட்டியும் மாற்றமில்லை. எக்ஸாஸ்ட் பக்கம் போன லைனை நான்கு இன்ச் தள்ளி, ஹீட் ஸ்லீவ் மாட்டியாயிற்று. ரிட்டர்ன் ஹோஸை நெரித்தும் பிரஷர் ஏறவில்லை, ஆக ரெகுலேட்டர் மேல் பழியில்லை. தொடாதது டேங்கிலிருந்து பெட்ரோலை எடுக்கும் 5/16 இன்ச் பிக்கப் குழாய் மட்டும். பம்ப் அங்கேதான் பெட்ரோலுக்குப் பதில் ஆவியை உறிஞ்சுகிறதோ என்று சந்தேகம்.

பிக்கப் குழாயை 3/8 இன்ச் ஆக்கினால் போதுமா, இல்லை டேங்குக்குள்ளேயே பம்ப் வைத்தால்தான் தீருமா?