பதவிப்பெயருக்கு முன் 'தி': இரண்டு இடங்களில் உதவி தேவை

ஆங்கில நூல்களுக்கு மெய்ப்புத் திருத்துவோருக்காக, பதவிப்பெயர்களுக்கு முன் 'தி' (the) எங்கே வரும், எங்கே வராது என்று ஒரு விதித்தாள் தயாராகிறது. பெயரை ஒட்டிவரும் பதவிக்கு 'தி' கிடையாது: 'பிரசிடென்ட் லிங்கன்'. பதவி தனியே நின்று அவரையே சுட்டினால் 'தி பிரசிடென்ட்'. 'தி டியூக் ஆஃப் வெலிங்டன்' போன்ற பட்டங்களுக்கும் வேண்டும். அதிகம் தவறுவது 'எலெக்டட்', 'அப்பாயின்டட்' ஆகியவற்றுக்குப் பின்னால்தான். 1860-இல் லிங்கன் 'வாஸ் எலெக்டட் பிரசிடென்ட்'. ஒருவரே வகிக்கும் பதவி என்பதால் அங்கே 'தி' இல்லாததே இயல்பு. பலர் வலிந்து சேர்த்துவிடுகிறார்கள்.

சிக்கல் இங்கேதான்: 'எம்பரர் நெப்போலியன்', 'தி எம்பரர் நெப்போலியன்' இரண்டும் அச்சில் இருக்கின்றன. வரலாற்று நூலுக்கு எதை நிலைப்படுத்தலாம்? பாதிரியாரின் பெயருக்கு முன் 'தி ரெவரெண்ட்' என்பதே மரபு. 'தி'யை விட்டும் எழுதுகிறார்கள். உங்கள் பதிப்பகங்களில் எதை அனுமதிக்கிறீர்கள்? காரணத்தோடு சொல்லுங்கள், எடுத்துக்காட்டு வாக்கியமும் தந்தால் அப்படியே தாளில் சேர்த்துவிடலாம்.