காஸ்மிக் பாய்க்கும் மேக்னீட்டோவுக்கும் யார் மூத்தவர்? (பேரனிடம் மானம் போகாமல் இருக்க உதவுங்கள்)

மாட்டுங்கா தாத்தா:
கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடையில் பேரனுக்கு ஒரு பழைய காமிக்ஸ் வாங்கினேன். நாற்பது கேட்டான், முப்பதுக்குப் படிந்தது. அட்டை கிழிந்துபோய்விட்டது. 30ஆம் நூற்றாண்டில் வாழும் இளைஞர் படை, அதன் தலைவன் காஸ்மிக் பாய். கையை நீட்டினால் இரும்பு ஓடிவருகிறது. பேரன் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, 'எக்ஸ்-மென்' கதைகளில் இரும்பை ஆட்டிவைக்கும் காந்த வில்லனைச் சொல்லி, "மேக்னீட்டோவைப் பார்த்து அடித்த காப்பி, தாத்தா" என்று தீர்ப்பு எழுதிவிட்டான். பத்து வயதில் இவ்வளவு நிச்சயம் கூடாது.

நான் ரயில்வே பணிமனையில் காந்தக் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். காந்தத்தைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறான்! பக்கத்திலேயே மின்னல் வீசுகிற பையன் நிற்கும்போது காந்தக்காரனை எதற்குத் தலைவன் ஆக்கினார்கள்? ரத்தத்தில் இரும்பு இருக்கிறதே, ஆளையே இழுத்துவிட மாட்டானா என்றும் பேரன் கேட்கிறான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்பூர் பழைய புத்தகம்:
ஐயா, பந்தயம் கட்டியிருந்தால் உடனே வசூல் செய்துவிடுங்கள். காஸ்மிக் பாய் வந்தது 1958 ஏப்ரல் தேதியிட்ட 'அட்வெஞ்சர் காமிக்ஸ்' 247ஆம் இதழில். எழுதியவர் ஆட்டோ பைண்டர், வரைந்தவர் அல் பிளாஸ்டினோ. மேக்னீட்டோ தலைகாட்டியது 1963 செப்டம்பரில், 'எக்ஸ்-மென்' முதல் இதழில். நம்மாள் ஐந்து வருடம் மூத்தவர்.

ஆனால் அந்த முதல் கதையில் காந்தம் அவருடைய கண்ணில் இருந்தது, அதுவும் மருந்தால் வந்த சக்தி. பிற்பாடுதான் அவருடைய சொந்த ஊரான பிரால் கிரகத்தில் எல்லாருக்குமே அது பிறவிக்குணம் என்று மாற்றினார்கள். ராக் கிரின் என்பது சொந்தப் பெயர். ஊரில் காந்தத்தால் ஆடும் பந்தாட்டத்தில் பெரிய ஆட்டக்காரர்.

தலைவர் ஆன கதைக்கு வருகிறேன். பூமிக்கு வரும் கப்பலில் பிராண்டி என்ற பெரும் பணக்காரரைக் கொல்லப் பார்க்கிறார்கள். சனியின் துணைக்கோளான டைட்டனிலிருந்து வந்த இம்ரா மனத்தைப் படித்து எச்சரிக்கிறாள், வினாத் கிரகத்துக் கார்த் மின்னலை வீசுகிறான், ராக் துப்பாக்கிகளைப் பறித்துக்கொள்கிறான். பிழைத்த பணக்காரரின் செலவில்தான் படையே உருவாகிறது. என்னைக் கேட்டால், ஆளைச் சுடாமல் ஆயுதத்தை மட்டும் பிடுங்கியவனைத் தலைவனாக்கியதில் தப்பே இல்லை.

சயான் ஸ்கேன் அறை:
ரத்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். உடம்பில் இருக்கும் இரும்பு மொத்தமே ஏறத்தாழ 4 கிராம். பெரும்பகுதி ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபினுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. அது ஆணி மாதிரி நடந்துகொள்ளாது. எங்கள் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் 1.5 டெஸ்லா (காந்த வலிமையை அளக்கும் அலகு), பூமியின் காந்தத்தைப்போல் சுமார் 30,000 மடங்கு. தினமும் எத்தனையோ பேர் அதற்குள் படுத்து எழுந்துபோகிறார்கள், யாருடைய ரத்தமும் ஒரு பக்கமாக ஒதுங்கியதில்லை.

ஊக்கு வேறு விஷயம். நம் பெண்கள் தாலிச் சரடில் கோத்து வைத்திருப்பார்களே! ஒருமுறை ஓர் அம்மா கழற்ற மறந்து வாசல்வரை வந்துவிட்டார். கழுத்திலிருந்து மூன்று ஊக்குகளும் எழும்பி, இயந்திரத்தைப் பார்த்து விரல் நீட்டின. அப்படியே பின்னால் நகர்த்தி வெளியே அழைத்துப்போனேன்.

பேரனை முழுக்க ஏமாற்ற வேண்டாம். 1997இல் நெதர்லாந்தின் நெய்மேகனில் ஒரு தவளையைச் சுமார் 16 டெஸ்லா காந்தத்தில் மிதக்கவிட்டார்கள். அதைத் தூக்கியது இரும்பு அல்ல, உடம்பில் உள்ள தண்ணீரைக் காந்தம் மிக மெல்லத் தள்ளும் குணம்தான்.

மாட்டுங்கா தாத்தா:
இருவருக்கும் நன்றி. பழைய ஒலிபெருக்கியிலிருந்து காந்தத்தைக் கழற்றிக்கொண்டு, நானும் பேரனும் சமையலறையில் இறங்கினோம். எவர்சில்வர் டம்ளர் ஒட்டவில்லை. குக்கர் அலுமினியம், குத்துவிளக்கு பித்தளை, இரண்டும் அசையவில்லை. ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியது, பத்து ரூபாய் ஒட்டவில்லை. தோசைக்கல்தான் 'டங்' என்று வந்து பிடித்துக்கொண்டது. டம்ளரின் மடித்த விளிம்பில் மட்டும் லேசான இழுப்பு இருந்தது. தகட்டை அழுத்தி மடிக்கும்போது அந்த இடத்தில் எஃகின் உள்ளமைப்பு மாறுகிறது என்று சொன்னேன். பையன் நம்பாமல் எல்லா டம்ளரையும் சோதித்தான்.

பிறகு பணிமனைக் கதை ஒன்றும் சொன்னேன். பட்டறையில் செக்கச் சிவந்த இரும்பைக் கிரேன் காந்தம் சீந்தாது. 770 டிகிரியைத் தாண்டினால் இரும்பு காந்தத்துக்கு அந்நியம். "அப்படியானால் கார்த் மின்னலால் இரும்பைச் சிவக்க வைத்துவிட்டால் காஸ்மிக் பாய் அவ்வளவுதானா?" என்றான். இந்தக் கேள்வி எனக்கு முப்பது ரூபாய்க்கு மேல் பெறும். மேக்னீட்டோ காப்பி என்ற பேச்சை மட்டும் இன்னும் வாபஸ் வாங்கவில்லை.