உதவி: நான் போடும் ரூட் ஒன்று, கிளியரன்ஸில் வருவது வேறொன்று

முகில்வழி:
அவசரம், நாளை காலை கிளம்ப வேண்டும். ஒரு பெரிய விமானநிலையத்தின் வான்பரப்பைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கணும், ஐ.எஃப்.ஆரில் (வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்துப் பறக்கும் விதிமுறை). நேர்கோட்டில் ரூட் போட்டால் ஃப்ளைட் பிளான் ஏற்கப்படுகிறது. ஆனால் கிளியரன்ஸ் (கன்ட்ரோலர் தரும் பறப்பு அனுமதி) வாங்கும்போது எங்கெங்கோ சுற்றிப் போகிற ரூட்டைப் படிக்கிறார்கள். போட்டதே கிடைக்க என்ன வழி?

வால்காற்று:
என்ன விமானம்? எந்த உயரம் கேட்டீர்கள்? ஜி.பி.எஸ். பேனலில் இருக்கிறதா, டேப்லெட் மட்டும்தானா?

ஹோல்டிங்_வளையம்:
கருவிக் குறியீடுதான் காரணம், வேறெதுவும் இல்லை. ஃப்ளைட் பிளான் படிவத்தின் 10-ஆம் கட்டத்தில் ஜி (ஜி.பி.எஸ்.), ஆர் (பி.பி.என்., அதாவது குறிப்பிட்ட துல்லியத்தில் வழிசெலுத்தும் தகுதி) இரண்டும் இருக்கிறதா பாருங்கள். ஆர் போட்டால் 18-ஆம் கட்டத்தில் பி.பி.என். விவரமும் வர வேண்டும்.

பழைய_காம்பஸ்:
தம்பி, கேட்டதை அப்படியே கொடுக்க அது ஹோட்டல் ஆர்டர் இல்லை. நெரிசலான இடத்துக்கெல்லாம் ரூட்டை ஏற்கனவே வகுத்து வெளியிட்டிருக்கிறார்கள். ஐ.எஃப்.ஆர். உரிமத்துக்கான ரேட்டிங் பாடத்திலேயே இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வா.

இடது_இருக்கை:
அண்ணா சொல்வது சரி, சொல்லும் விதம்தான் வேண்டாமே. முகில்வழி, கன்ட்ரோலர் பக்கத்திலிருந்து பாருங்கள். நீங்கள் சின்ன விமானத்தில் 110 நாட் (மணிக்கு 110 கடல்மைல்) என்று வைத்துக்கொள்வோம், பின்னால் இறங்க வரும் ஜெட் 250 நாட். 5 கடல்மைல் இடைவெளி இரண்டு நிமிடத்துக்குள்ளேயே கிட்டத்தட்டக் கரைந்துவிடும். அதனால்தான் ஜெட் வரிசையிலிருந்து உங்களை ஒதுக்குகிறார்கள். பல இடங்களில் விமானநிலையத்தின் நேர் மேலே குறுக்காகக் கடப்பதுதான் சுலபம், ஏனென்றால் இறங்குகிறவர்கள் ஓரங்களில் இருப்பார்கள்.

முகில்வழி:
செஸ்னா 172, சின்ன ஒற்றை எஞ்சின் விமானம். 9,000 அடி. ஜி.பி.எஸ். பேனலில் இருக்கிறது.

வால்காற்று:
9,000 அடியா! இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். புறப்பாட்டு வழியில் ஏற்ற விகிதம் எவ்வளவு? எதுவும் குறிப்பிடவில்லை என்றால் கடல்மைலுக்கு 200 அடி. 330 என்று போட்டிருந்தால், தரைவேகம் 90 நாட்டில் நிமிடத்துக்கு 495 அடி ஏற வேண்டும். வெயில் நாளில், முழு எடையோடு, மேலே போகப் போக 172 அதற்குத் திணறும். கையேட்டின் ஏற்ற அட்டவணையைப் பாருங்கள். அப்புறம், அவர்கள் கொடுக்கும் சுற்று ரூட்டுக்கே எரிபொருள் கணக்குப் போடுங்கள்: இறங்குமிடம், அங்கிருந்து மாற்று நிலையம், அதற்கு மேல் 45 நிமிடம். நேர்கோட்டுக்குக் கணக்குப் போட்டுவிட்டுக் கிளம்பவே கூடாது.

பழைய_காம்பஸ்:
கூடவே வி.ஓ.ஆர். (தரையிலிருக்கும் ரேடியோ வழிகாட்டி நிலையம்) ஏர்வேயில், அதாவது அந்த நிலையங்களை இணைக்கும் வான்வழியில் ரூட் போடு. ஜி.பி.எஸ். சிக்னலைக் குலைப்பது இப்போது பல இடங்களில் நடக்கிறது.

ஹோல்டிங்_வளையம்:
வி.ஓ.ஆர். நிலையங்களையே ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கிறார்கள், அதை நம்பச் சொல்கிறீர்களே. தாழப் பறந்தால் அந்த சிக்னல் மலைக்குப் பின்னால் மறைந்தும் போகும்.

பழைய_காம்பஸ்:
அதற்குத்தான் ஏர்வேக்குக் குறைந்தபட்ச உயரம் போட்டிருக்கிறது. அந்த உயரத்தில் சிக்னல் கிடைக்கும். வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் பேசு.

இடது_இருக்கை:
இந்தச் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள், தயவுசெய்து. முகில்வழி, இன்னொன்று: மேகத்துக்குள் ரேடியோ செத்தால் டிரான்ஸ்பாண்டரில் (ரேடாருக்கு அடையாளம் காட்டும் கருவி) 7600 என்ற ரேடியோ செயலிழப்புக் குறியீட்டைப் போட்டுவிட்டுக் கடைசியாகக் கொடுத்த ரூட்டில்தான் போகணும். அதனால் கிளியரன்ஸ் வந்ததும் ஒவ்வொரு புள்ளியையும் வரைபடத்தில் தேடிப் பாருங்கள். தெரியாத புள்ளி இருந்தால் தரையிலேயே கேளுங்கள், உருள ஆரம்பித்த பிறகு வேண்டாம்.

முகில்வழி:
போய்ச் சேர்ந்தாச்சு. வெளியிட்ட ரூட்டையே 5,000 அடியில் போட்டேன், ஒரு புள்ளி மட்டும் மாறி வந்தது. பாதி வழியில் கன்ட்ரோலர்களே ரேடாரில் பார்த்துத் திருப்பிவிட்டு வழியைக் குறுக்கிவிட்டார்கள். எல்லோருக்கும் நன்றி.

ஹோல்டிங்_வளையம்:
நல்லது. 10-ஆம் கட்டத்தில் என்ன போட்டிருந்தீர்கள்?