வெள்ளிக்கிழமை கயல் வளைகாப்பு: வெள்ளைச் சமையல் மேடைக்கு என்ன விரிக்கிறது?

செவ்வாய்

செல்வி (மாலை 6:12): எல்லாரும் பாருங்க. மொட்டை மாடியில சமைக்க வேணாம்னு முடிவு பண்ணியாச்சு, மழை விடுற மாதிரி இல்ல. சமையல்காரரும் கூட ரெண்டு ஆளும் நம்ம அடுப்படியிலேயே ஏழு சாதமும் பண்றாங்க. 50 பேருக்கு. மேடை வெள்ளை, சிங்க்கும் புதுசு. அன்னைக்கு மட்டும் விரிச்சுட்டு எடுத்துடுற மாதிரி என்ன வாங்க?

ராணி: பேப்பர் விரி. போதும்

மல்லிகா: சாக்கு போடு செல்வி

முருகேசன்: வியாழன் வரைக்கும் மழைன்னு டிவில

கார்த்தி: அம்மா, அலுமினிய ஸ்டிக்கர் ரோல் ஆர்டர் போட்டுட்டேன். நாளைக்கு வந்துரும். ஒட்டிட்டு அப்புறம் உரிச்சுக்கலாம்

பாண்டி: யாரும் எதையும் ஒட்டாதீங்க. பேப்பரும் வேணாம் சாக்கும் வேணாம். கல்லுக் கடையைச் சாத்திட்டு எழுதறேன்.

மல்லிகா: ஆரம்பிச்சுட்டான்

கயல்: சித்தப்பா எழுதுங்க. எனக்கு இப்பவே அடுப்படி நெனப்பாத்தான் இருக்கு

பாண்டி (இரவு 8:05): மதினி, உங்க மேடை கிரானைட் இல்ல, குவார்ட்ஸ். நூத்துக்குத் தொண்ணூறு பங்கு கல்தூள், மிச்சம் அதை ஒட்ட வைக்கிற பிசின், ரெசின்னு சொல்வாங்க. கல்தூளுக்கு எதுவும் ஆகாது. அந்த ரெசினுக்குத்தான் சூடும் ஆகாது, மஞ்சளும் ஆகாது. சுமார் 150 டிகிரிக்கு மேல இருக்குற பாத்திரத்தை நேரா வச்சா பழுப்பா வட்டம் விழும். அது தேய்ச்சும் போகாது. தாளிச்ச இரும்புச்சட்டியும் தோசைக்கல்லும் 200-ஐத் தாண்டிரும். அதனால சூட்டுக்கு ஒரு விரிப்பு, கறைக்கு ஒரு விரிப்பு. ரெண்டுக்கும் ஒரே பொருள்னு கடையில சொன்னா நம்பாதீங்க.

செல்வி: கறுப்புக் கல்லு போடச் சொன்னீங்க, ஞாபகம் இருக்கு தம்பி

பாண்டி: அதை நான் சொல்லவே வரல மதினி

மல்லிகா: செல்வி, அவன் அதுக்குச் சொல்லல. விடு

ராணி: வளையல் யாரு எடுக்கிறா? 2.4-ஆ 2.6-ஆ கயல்?

கயல்: 2.6 பெரியம்மா. கை வீங்கி இருக்கு

பாண்டி: பேப்பர் ஏன் வேணாம்னா, நனைஞ்சதும் மை இறங்கி வெள்ளைக் கல்லுல எழுத்து தெரியும். சணல் சாக்கு நனைஞ்சா பழுப்புத் தண்ணி விடும், எண்ணெயும் கசியும். ஸ்டிக்கர் ரோல் அடுப்புக்குப் பின்னாடி சுவத்து டைல்ஸுக்கு ஆகும். மேடைக்கு ஆகாது. புளியும் உப்பும் பட்டா அலுமினியம் பொத்துப் பொத்தா அரிச்சுப் போயி அடியில கறுப்பா இறங்கும். பசை கல்லுல தங்கும். அந்தப் பசை மேல மஞ்சத்தூள் விழுந்தா அப்படியே பிடிச்சுக்கும்.

கார்த்தி: சரி சித்தப்பா. ரிட்டர்ன் போட்டுடவா

பாண்டி: வச்சுக்கடா, அடுப்புச் சுவத்துக்கு ரெண்டடி ஒட்டு. உரிக்கிறப்ப ஹேர் டிரையர்ல லேசாச் சூடு காட்டி, மடக்கி மெதுவா இழுக்கணும். மிச்சப் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டு, சோப்புத் தண்ணியில தொடை. பிளேடு போடாதே.

முருகேசன்: பஸ் டிக்கெட் வியாழன் நைட்டுக்கு போட்டாச்சு. 3 சீட்

மல்லிகா: 3 இல்ல 4. உங்கம்மாவும் வர்றாங்க

முருகேசன்: 🙏

புதன்

பாண்டி (காலை 7:30): மதினி, அளவு சொல்லுங்க.

செல்வி: மேடை L மாதிரி. நீளக்கை 10 அடி. சின்னக்கை 6 அடி. அகலம் 2 அடி

பாண்டி: அந்த 6 அடி, மூலையையும் சேர்த்தா?

செல்வி: ஆமா

பாண்டி: அப்ப மூலை ரெண்டடியை ஒரு தடவதான் எண்ணணும். மொத்தம் 14 அடி. சிங்க் 2, அடுப்பு 2½ போனா 9½ அடி. பாய் கடையில ட்ரான்ஸ்பரன்ட் பிவிசி ஷீட் மீட்டர் கணக்குல தருவாங்க. 1 மி.மீ. தடிமன், 2 அடி அகலம், 3 மீட்டர் போதும். அரை மி.மீ. வாங்காதீங்க, கரண்டி இழுத்தா சுருளும். 2 மி.மீ. கனமா இருக்கும், தூக்கிக் கழுவுறவங்க சலிச்சுப் போவாங்க.

பாண்டி: ஒரே நீளமா விரிக்காதீங்க. 4 அடி, 4 அடி, 1½ அடின்னு மூணு துண்டு. எண்ணெய் கொட்டுனா அந்தத் துண்டை மட்டும் தூக்கிக் கழுவிடலாம். சுவத்துப் பக்கம் அரை இஞ்ச், முன்பக்கம் அரை இஞ்ச் உள்ளே இருக்கட்டும். முன்னாடி தொங்கவிட்டா யாராவது இடுப்புல சேலை சொருகிட்டு நிக்கிறப்ப மாட்டி, குழம்புச் சட்டியோட இழுத்துட்டுப் போயிரும். சுவத்தை ஒட்டி வச்சா தண்ணி அடியில ஏறி நிக்கும்.

ராணி: இவ்வளவா

மல்லிகா: சுவத்து ஓரம் சரிதான். அங்கதான் கரப்பான் வரும்

பாண்டி: விரிக்கிறதுக்கு முந்தி மேடையை ஈரத்துணியில தொடச்சு, அப்புறம் காஞ்ச துணியில தொடைங்க. மணல் ஒரு துளி இருக்கக் கூடாது. ஷீட்டுக்கு அடியில மணல் மாட்டி, மேல கிரைண்டர் ஓடுனா ஆடுற ஆட்டத்துல பளபளப்பு போயிரும். ஷீட்டை இன்னைக்கே வாங்கி சோப்புல கழுவி ராத்திரி காத்தாட விடுங்க, இல்லன்னா அந்தப் பிளாஸ்டிக் வாடை பிள்ளைத்தாச்சிக்கு ஆகாது.

செல்வி: சரி தம்பி. சூடு?

பாண்டி: பிவிசி 80 டிகிரியிலேயே இளகும். கொதிச்ச பாத்திரம் வச்சா அடியோட ஒட்டிக்கும். சாதத்தையும் அதுமேல கொட்டி ஆற வைக்க விடாதீங்க, சமையல் ஆளுங்க இடம் பத்தலைன்னா அதான் செய்வாங்க. தாம்பாளத்துல ஆறட்டும்.

மல்லிகா: என்கிட்ட பெரிய தாம்பாளம் ரெண்டு இருக்கு. கொண்டாரேன்

ராணி: அப்பத்தா தாம்பாளமா?

மல்லிகா: எனக்குக் கொடுத்தது

ராணி: சும்மா கேட்டேன்

முருகேசன்: அந்தப் பெரிய அண்டா யாரு வீட்ல இருக்கு இப்ப

மல்லிகா: மாமா காரியத்துக்குப் போனது. திரும்பி வரல

ராணி: என் வீட்லதான் இருக்கு. ஒளிச்சா வச்சிருக்கேன்

ராணி: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

கயல்: அத்தை பெரியம்மா ரெண்டு பேரும் ஒரே கார்ல வாங்க ப்ளீஸ்

கார்த்தி: சிலிகான் மேட் போட்டா சூடு தாங்குமே சித்தப்பா? 220 டிகிரின்னு போட்டிருக்கு

பாண்டி: மேட்டு தாங்கும்டா. மேட்டுக்கு அடியில இருக்குற கல்லு? ஒரு மி.மீ. சிலிகான் சூட்டை அப்படியே கீழே விட்டுரும். மேட்டுக்கு ஒண்ணும் ஆகாது, எடுத்துப் பாத்தா கல்லுல வட்டம் இருக்கும். காத்து உள்ளே போற மாதிரி இடைவெளி வேணும். பழைய ஆளுங்க பாத்திரத்துக்கு அடியில பிரிமணை, அந்தக் கயித்து வளையம், வச்சது அதுக்குத்தான்.

மல்லிகா: கயிறு பிரிமணை இப்ப எங்க கிடைக்குது

முருகேசன்: புதுமண்டபம் பக்கம் கேட்டா

மல்லிகா: நீங்க கேக்கப் போறீங்களா

முருகேசன்: சரி

பாண்டி: அடுப்புக்கு வலப்பக்கம் இறக்கி வைக்க ஒரு இடம் ஒதுக்குங்க, அந்த ஒரு இடந்தான். கடையில கிரானைட் வெட்டுத்துண்டு ஒண்ணரை அடிக்கு ஒண்ணரை அடி கிடக்கு. 10 கிலோ வரும். அடியில நாலு மடிப்புப் பருத்தித் துணி, அதுமேல கல்லு, அதுமேல பிரிமணை. ரப்பர் மேட் அடியில போடாதீங்க. ரப்பரும் வெள்ளை ரெசினும் நாள்பட ஒட்டி இருந்தா மஞ்சளாகும்.

செல்வி: என்ன கலர் கல்லு

பாண்டி: கறுப்பு மதினி

செல்வி: 😄 கொண்டாங்க

கார்த்தி: சிங்க் பத்தி சொல்லலையே

பாண்டி (மதியம் 2:20): வர்றேன். 24க்கு 18, ஆழம் 10 இஞ்ச், கல்லுக்கு அடியில ஒட்டுன சிங்க். நெறஞ்சா 50 லிட்டருக்கு மேல தண்ணி நிக்கும். அதோட அண்டாவையும் உள்ளே இறக்கிக் கழுவுனா பசை விட்டுத் தொங்கும். அண்டா, குண்டான் எல்லாம் பின்வாசல்ல கழுவணும். சிங்க்குல கரண்டி, தட்டு, டம்ளர் மட்டும்.

செல்வி: உள்ளே போட மேட்டா, கம்பி ஜாலியா?

பாண்டி: அன்னைக்கு ஜாலி. கம்பி ஜாலியில கஞ்சியும் பருக்கையும் தேங்காது. வாங்கறப்ப மேல்வாய் அளவைச் சொல்லிராதீங்க, அடித்தட்டை அளக்கணும். மூலை வளைஞ்சு இறங்குறதால அடி 20க்கு 14தான் வரும். சுத்தி அரை இஞ்ச் கழிச்சு 19க்கு 13. ஓட்டை நடுவுலயா பின்னாடியான்னு பாத்து, பேப்பர்ல அச்சு எடுத்துக்கிட்டுப் போங்க. ஜாலிக்கு நாலு மூலையிலயும் ரப்பர் காலு இருக்கும். அதுல ஒண்ணு கழண்டாலும் கம்பி சிங்க்கைக் கீறும்.

மல்லிகா: மேட்டுதான் நல்லது. தட்டு விழுந்தா சத்தம் கேக்காது

பாண்டி: அக்கா, தினப்படிக்கு மேட்டு சரி. ஆனா ராத்திரி எடுத்து நிமித்தி வைக்கணும். ஈரத்தோட கிடந்தா அடியில வழவழப்பு, நாத்தம். உப்புத்தண்ணி அங்கேயே நின்னா 304 ரக எவர்சில்வரும் புள்ளி புள்ளியா அரிக்கும். எடுத்துக் காய வைக்க ஆள் இல்லாத வீட்டுல மேட்டு போடாம இருக்கிறதே மேல்.

மல்லிகா: என் வீட்ல எடுக்கிறோம்

பாண்டி: உன்னைச் சொல்லல அக்கா

ராணி: யாரையோ சொல்றான்

பாண்டி: சமையல் ஆளுங்ககிட்ட மூணு சொல்லிருங்க மதினி. இரும்பு நாரால சிங்க்கைத் தேய்க்கக் கூடாது, அந்தத் துகள் தங்கித் துரு பிடிக்கும். ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதுவும் ஊத்தக் கூடாது. கஞ்சி வடிக்கிறப்ப குழாயைத் திறந்து விடணும், கொதிக்கிறதை அப்படியே விட்டா கீழே பிவிசி குழாய் இணைப்பு இளகும். மேட்டு போட்டிருந்தா அதை எடுத்துட்டு வடிக்கணும்.

செல்வி: நோட் பண்ணிட்டேன்

கயல்: சித்தப்பா, மருதாணி?

பாண்டி: நல்ல வேளை கேட்ட. மருதாணிக் கிண்ணம், குங்குமம், ஆரத்தி மூணும் மேடைப் பக்கமே வரக் கூடாது. ஆரத்தித் தண்ணியில மஞ்சளோட சுண்ணாம்பும் இருக்கு, வெள்ளை ரெசின்ல அது சிவப்பா ஏறும். கூடத்துலயே பலகை மேல கரைங்க. எலுமிச்சை சாதத்துக்குத் தாளிக்கிறப்ப மஞ்சத்தூள் டப்பாவை ஒரு தட்டுக்குள்ள வச்சு எடுக்கணும். சிந்துனா உடனே தொடைங்க. காஞ்சு போச்சுன்னா சோடா உப்பைக் குழைச்சு அப்பி, அரை மணி கழிச்சு மெத்துத்துணியில எடுங்க.

ராணி: ஆரத்தி நான் கரைக்கிறேன்

மல்லிகா: நாத்தனார் கரைக்கணும்

ராணி: மூத்தவ நான்

செல்வி: ரெண்டு பேரும் கரைங்க

கயல்: 🙈

வியாழன்

கார்த்தி (மாலை 5:50): [படம்] ஷீட் வந்தாச்சு. மூணு துண்டும் போட்டுட்டேன்

பாண்டி: நடுத்துண்டுக்கு அடியில வெள்ளையா பனி மாதிரி தெரியுதே. ஈரம் உள்ளே மாட்டியிருக்கு. எடுத்துத் தொடச்சு மறுபடி போடு. இப்பவே போட வேணாம்டா, நாளைக்கு விடிகாலை போடு.

கார்த்தி: சரி. ஜாலி 19க்கு 13 கிடைக்கல. 18க்கு 12 இருக்கு

பாண்டி: வாங்கு. சின்னதா இருந்தா பரவால்ல, பெருசா இருந்தாத்தான் மூலையில ஏறி ஆடும்.

மல்லிகா: நான் மேட்டு கொண்டாரேன் எதுக்கும்

பாண்டி: அக்கா

மல்லிகா: கொண்டாரேன்டா. போடறது போடாதது செல்வி இஷ்டம்

செல்வி: வரட்டும் பாப்போம். முடிஞ்சப்புறம் ஷீட்டை மடிச்சு வைக்கலாமா தம்பி?

பாண்டி: மடிக்காதீங்க, மடிப்புல வெடிக்கும். கழுவி, கொடியில காயப் போட்டு, உருளையாச் சுத்தி நிறுத்தி வைங்க. அன்னைக்கு ராத்திரியே எடுத்துருங்க மதினி, காலையில பாத்துக்கலாம்னு விட்டுராதீங்க.

முருகேசன்: பிரிமணை ரெண்டு வாங்கியாச்சு. பெருசு இல்ல, நடுசைஸ்தான் இருந்துச்சு

பாண்டி: அத்தான், அண்டா நிக்குமா அதுல?

முருகேசன்: அண்டா அடி எவ்வளவு

ராணி: அளந்து சொல்றேன். மூடி இங்க இல்ல. மூடி மல்லிகா வீட்ல