வை நதியோரம் செப்ஸ்டோ – மன்மத்: ஒரே நாளில் முடியுமா?

வழிப்போக்கன்:
வேல்ஸ்–இங்கிலாந்து எல்லையில் வை நதியை ஒட்டி, செப்ஸ்டோவிலிருந்து மன்மத் வரை மே கடைசியில் நடக்கலாம்னு இருக்கோம். 16, 17 மைல்னு போட்டிருக்கு. ஆத்தோரம்தானே, சமதரையா இருக்கும், காலைல கிளம்பினா சாயங்காலம் போய்ச் சேர்ந்துடலாம்னு நினைக்கிறேன். அப்பாவும் வர்றார், அவருக்கு முட்டி வலி உண்டு.

மலைப்பாதை:
ஆத்தோரம்ங்கிறது பேருக்குத்தாங்க. நடுவுல வர்ற டின்டர்ன் கிராமம் வரைக்கும் ஆறு சுண்ணாம்புப் பாறையைக் குடைஞ்சுக்கிட்டு ஓடுது. பாதை மேல காட்டுக்குள்ள ஏறி இறங்கும், தண்ணி மரத்து இடுக்குலதான் தெரியும். 1067-ல கட்ட ஆரம்பிச்ச செப்ஸ்டோ கோட்டைகிட்ட தொடங்குங்க. நீங்க போக வேண்டிய நடைபாதைக்குப் பேரு வை வேலி வாக், துள்ளுற சால்மன் மீன் குறி போட்ட பலகையைப் பார்த்துப் போங்க. பியர்ஸ்ஃபீல்ட் காடு தாண்டி ஈகிள்ஸ் நெஸ்ட்ங்கிற உச்சிப் பாறை மேல நின்னா செவர்ன் ஆறு வரைக்கும் தெரியும். அங்கிருந்து டின்டர்னுக்கு இறக்கம். தூரம் ஆறு மைலுக்குள்ளதான், ஆனா மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும்.

மழை பெஞ்சா வேரும் சுண்ணாம்புக் கல்லும் வழுக்கும். ஈகிள்ஸ் நெஸ்டுக்குப் போற ‘365 படி’ தனிக் கிளைப்பாதை. ஈரத்துல அதுல இறங்கவே கூடாது, ஏற மட்டும் வெச்சுக்குங்க. மொத்தத்தையும் ரெண்டு நாளாப் பிரிச்சு, டின்டர்ன்ல தங்குறது நல்லது.

எல்லைக்கோடு:
கிழக்குக் கரையை விட்டுவிட்டீர்களே! டின்டர்னில் பழைய இரும்புப் பாலத்தைக் கடந்தால் இங்கிலாந்து. அங்கிருந்து செங்குத்தாக ஏறினால் டெவில்ஸ் பல்பிட் பாறை. 1131இல் நிறுவி 1536இல் மூடப்பட்ட டின்டர்ன் கிறிஸ்தவத் துறவியர் மடம் முழுதாகத் தெரிவது அங்கிருந்துதான். கூரையில்லாத மடத்தைக் கிட்டத்தில் பார்ப்பதைவிட இதுவே எனக்கு உசத்தி. அந்தப் பாதை ஆஃபாஸ் டைக் என்ற பழைய மண்கரையை ஒட்டியது, குறி ஓக் மரக் கொட்டை. எட்டாம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் பழைய அரசுகளில் ஒன்றான மெர்சியாவின் மன்னர் ஆஃபா எழுப்பிய கரை அது. பள்ளம் மேற்கே வேல்ஸ் பக்கம் இருக்கும். ஆறு எல்லையாக ஓடுவது ரெட்புரூக் பக்கம் வரைதான், மன்மத்தில் இரு கரையும் வேல்ஸ்.

அப்பாவுக்கு: டின்டர்னுக்கு மேலே பிராக்வெயர் ஊரிலிருந்து பிக்ஸ்வெயர் பாலம் வரை கிழக்குக் கரையில் புல்வெளிப் பாதை, ஏற்றமே இல்லை. வெள்ளம் வந்தால் மட்டும் மூழ்கும். வைட்புரூக்–ரெட்புரூக் துண்டு, 1959இல் பயணிகள் ரயில் நின்றுபோன பழைய தடம், அதுவும் சமதரை.

வழிப்போக்கன்:
அப்பா நடுவுல பஸ் பிடிக்க வழி இருக்கா? கரைல இறங்கிக் கால் நனைக்கலாமா?

மலைப்பாதை:
செப்ஸ்டோ–டின்டர்ன்–மன்மத் பஸ் 69 இருக்கு. அடிக்கடி வராது, நேர அட்டவணையைப் பார்த்துட்டுக் கிளம்புங்க. கால் நனைக்கிறது வேண்டாம். பிக்ஸ்வெயர் வரைக்கும் கடல் ஓதம் ஏறும். தண்ணி வத்தினதும் கரை முழுக்கச் சேறு, கால் உள்ள போயிடும். பள்ளத்தாக்குல சிக்னல் சரியா இருக்காது, அதனால ஓஎஸ் எக்ஸ்ப்ளோரர் ஓஎல்14 வரைபடம் காகிதத்துல வெச்சுக்குங்க. மே மாசம் உண்ணி கடிக்கும், முழுக்கால் பேன்ட்டை சாக்ஸுக்குள்ள செருகிக்குங்க.